எஸ்டேட் வாங்கப் போகிற அருமனைத் தம்பிக்கு

தம்பி,

உங்கள் கேள்வி வந்து நான்கு நாளாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து விடுப்பில் குலசேகரம் வந்திருக்கிறேன். இங்கே ஆடிச் சாரல் ஓயவில்லை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. நான் பதில் எழுதுவதற்குள் உங்கள் அப்பாவே அருமனையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். மழையில் ரப்பர் பால்வெட்டு இல்லை, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்றவர், குடையை மடக்கித் திண்ணையில் சாய்க்கும்போதே கேட்டார்: "பையன் அங்கே எஸ்டேட் வாங்கப் போகிறேன் என்கிறான். அந்தக் குளிரில் ரப்பர் நிற்குமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நம் பக்கத்தில் எஸ்டேட் என்றால் கீரிப்பாறையும் சிற்றாறும்தானே. ஒன்றரை ஏக்கர் ரப்பரை வைத்து உங்களைப் பொறியியல் படிக்க வைத்த மனிதருக்கு, நான்கே மாதத்தில் மகன் ஜெர்மனியில் எஸ்டேட் முதலாளி ஆகிவிட்டான் என்ற நினைப்பு கொஞ்சம் இனித்துத்தான் இருக்க வேண்டும். அது பின்பக்கம் நீண்ட ஒரு கார் என்று நான் விளக்கியதும் முகம் சற்று வாடியது. "பிணவண்டி மாதிரியா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1992இல் டாடா எஸ்டேட் என்ற பெயரிலேயே ஒரு கார் வந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் தக்கலையில் ஒருவர் அதை வைத்திருந்தார். நாங்கள் அதை ஆம்புலன்ஸ் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். இந்தியாவில் அந்த வடிவம் கடைசிவரை எடுபடவில்லை. ஜெர்மனியில் அதற்குக் கோம்பி என்று பெயர். பிள்ளைகுட்டிக்காரன் என்றால் அதுதான் வாங்குவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உடன் வேலை செய்பவர் தமது 2018ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 கோம்பியை (ஆக்டேவியாவிலேயே பலம் கூடிய வகை) விற்கிறார், 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான்கு வயதில் ஒரு பெண், ஒன்பது மாதத்தில் ஒரு பையன், மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்க்கும் மனைவி. இந்தக் குடும்பத்துக்கு 245 குதிரைத்திறன் தேவையா என்பது முதல் கேள்வி. வாங்கினால் என்னென்ன துணைப்பொருள்கள் வேண்டும் என்று 23 பொருள்கள் கொண்ட ஒரு பட்டியலையும் இணைத்திருந்தீர்கள். நான் ஸ்டுட்கார்ட் பக்கத்து எஸ்லிங்கனுக்கு வந்து 14 வருடமாகிறது; ஆறு வருடமாக இதே வகை வண்டியைத்தான் ஓட்டுகிறேன். வண்டியை வாங்குங்கள். பட்டியலில் பதினேழை அடித்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத இரண்டைச் சேர்க்க வேண்டும், அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காருக்கு முன்னால் உரிமம். இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் மிச்சம். அதன்பின் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிய அட்டை எத்தனை வருடப் பழையதானாலும் கணக்கில் வராது. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். ஓட்டுத் தேர்வில் நான் முதல் முறை தோற்றேன். பலகை எதுவும் இல்லாத குடியிருப்புத் தெருக்களில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். சந்து என் கண்ணில் படவே இல்லை. பெரிய வண்டிக்கு வழி, இல்லாவிட்டால் ஹார்ன் அடித்தவனுக்கு வழி என்று மார்த்தாண்டம் சந்தையில் பழகிய கண்ணுக்கு அது பிடிபடச் சில வாரம் ஆகும். இப்போதே பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் முடிந்த மறுநாள் 245 குதிரைகளும் கொட்டகையில் நிற்க, நீங்கள் பஸ்ஸுக்கு நிற்பீர்கள்.

குதிரைகள் பற்றிச் சொல்கிறேன். நம் ஊரில் ஓடும் ஸ்விஃப்ட் மூன்றைச் சேர்த்துக் கட்டினால் ஏறத்தாழ இந்த ஆற்றல் வரும். வாங்கிய முதல் மாதம் ஓர் இரவு, சாலை காலியாக இருந்த நேரத்தில், வேகவரம்பில்லாத ஆட்டோபானில் நானும் 230ஐத் தொட்டுப் பார்த்தேன். பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஆசை அதோடு தீர்ந்தது. வரம்பில்லாத இடத்திலும் பரிந்துரை வேகம் 130 என்பதை நினைவில் வையுங்கள். அதைத் தாண்டிப் போகும்போது விபத்து நேர்ந்தால், தவறு அடுத்தவருடையதாக இருந்தாலும் பொறுப்பில் ஒரு பங்கு நம் தலையில் விழலாம்.

பிறகு இந்த ஆற்றல் எதற்கு? ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்முக்குப் போகும் ஏ8 சாலை ஸ்வேபிய மலை மேல் ஏறும் இடம் ஒன்று இருக்கிறது. டிராக்கன்ஸ்டைன் சரிவு என்பார்கள். இரண்டே தடம், ஒதுங்கி நிற்க ஓரத் தடம் கிடையாது. லாரிகள் மூச்சிரைத்துக்கொண்டு ஊர்ந்து ஏறும். நம் பேச்சிப்பாறைச் சாலையில் ரப்பர் தடி ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி. என் முதல் கார், 55 குதிரைத்திறன் கொண்ட சின்னக் கார், குடும்பத்தோடும் மூட்டைமுடிச்சோடும் அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அழும். லாரியை முந்த இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் வருபவன் விளக்கை அடிப்பான். மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். இப்போது ஐந்து பேரும் கூடாரமும் அரிசிச் சாக்கும் ஏற்றிய வண்டி பேச்சைக்கூட நிறுத்தாமல் ஏறிவிடுகிறது. நிறைந்த வண்டி, ஏற்றம், நுழைவுத் தடத்திலிருந்து நெடுஞ்சாலையில் கலப்பது: இந்த மூன்றுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று வைத்திருக்கிறேன். இந்த மூன்றும் உங்கள் வாரத்தில் வராது, வண்டி நகரத்துக்குள்ளேயே ஓடும் என்றால் 150 குதிரைத்திறன் வகையே தாராளம். மிச்சக் காசை அஞ்சலகத்தில் போடுங்கள்.

ஒரு கணக்கை மட்டும் வாங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சாலை வரி பெரிய செலவில்லை, காப்பீடுதான் கடிக்கும். விபத்தில்லாமல் ஓட்டிய வருடங்களுக்கு ஏற்பப் படிப்படியாகக் கழிவு தரும் முறை அங்கே. புதிதாக வந்தவர் அடிப்படியில் நிற்பார். அந்தச் சின்னக் காருக்கே எனக்கு முதல் வருடம் 1,100 யூரோ ஆயிற்று. வண்டிப் பத்திரத்தில் உள்ள வகை எண்களைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை விசாரித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிற்காதீர்கள். பகுதிக் காப்பீட்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அங்கே மார்டர் என்று ஒரு பிராணி இருக்கிறது. நம் ஊர் மரப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி போலிருக்கும். இரவில் எஞ்சின் சூட்டுக்கு உள்ளே ஏறி, ரப்பர் குழாய்களையும் வயர்களையும் கடித்து வைத்துவிட்டுப் போகும். ஒரு காலை என் வண்டிக்கடியில் குளிர்விப்பான் நீர் ரோஜா நிறத்தில் குளம் கட்டியிருந்தது. குழாயில் ஊசி குத்தியது போல நான்கு பல். மார்டர் கடிக்கும், அதனால் பின்னால் வரும் சேதத்துக்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் காப்பீடு எடுங்கள். உங்கள் அப்பாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. "அங்கேயும் மரப்பட்டி உண்டா? அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை."

இனி உங்கள் பட்டியல். அதில் முதலில் இருப்பது பளபளக்கும் கறுப்புக் கிரில், கடைசியில் டயர். இதைத் தலைகீழாகத் திருப்புங்கள்.

பெட்ரோல் ஆர்எஸ் முன்சக்கர இயக்க வண்டி. 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் முன்னால் இருக்கும் இரண்டு டயர்கள் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு இடத்தில். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது உங்கள் அப்பா எழுந்து, எங்கள் பின்கட்டில் புகையடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் ஷீட் ஒன்றை எடுத்து வந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தேன் நிறத்தில் கண்ணாடி போல் தெரிகிறதா என்று பழக்கதோஷத்தில் தரம் பார்த்தார். பிறகு மூலையை மடக்கினார். "மார்கழி விடியலில் இதையே மடக்கிப் பார், பலகை மாதிரி நிற்கும். பனியில் கேட்கவே வேண்டாம்" என்றார். நான் டயர் கடைக்காரரிடம் அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு மடக்கில் சொல்லிவிட்டார். கோடை டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரில் இயற்கை ரப்பர் கூடுதல், சிலிக்காவும் சேர்த்திருப்பார்கள். உறைகுளிரிலும் இளக்கம் போகாது. நம் ஊர் ஒட்டுப்பால் வாசத்தில் வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான துணைப்பொருள் வேறு இல்லை.

அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்பது அங்கே வழக்கு. சட்டம் தேதி சொல்வதில்லை. பனி, உறைசேறு, வழுக்கல் இருக்கும் சாலையில் அந்த டயர் இல்லாமல் போனால் 60 யூரோ அபராதமும், ஓட்டுநர்களின் சாலைக் குற்றங்களைக் குறித்து வைக்கும் ஃப்ளென்ஸ்பர்க் பதிவேட்டில் ஒரு புள்ளியும். 2024 அக்டோபர் 1 முதல், மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்திவலை பொறித்த டயர்தான் செல்லும். சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம், எஸ் எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. விற்பவர் இரண்டாவது சக்கர செட்டும் தருகிறேன் என்றால் மகிழ்ந்துவிடாமல் குனிந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. வண்டியோடு பிறந்த டயர் என்றால் விலையில் அதைக் கழியுங்கள். பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும், ஆனால் குளிர்காலத்துக்கு 4க்குக் கீழே போனதை நான் ஓட்ட மாட்டேன்.

அந்த வண்டியில் 19 அங்குல சக்கரம் என்று எழுதியிருந்தீர்கள். பார்க்க அழகு. குளிர்காலத்துக்கு வண்டிப் பத்திரம் அனுமதிக்கும் சிறிய அளவை எடுங்கள். டயர் மலிவு, பக்கச்சுவர் உயரம், ஓரக்கல்லில் உரசினால் மனம் உடையாது. டயருக்குரிய வேகம் வண்டியின் உச்ச வேகத்தைவிடக் குறைவானால், அந்த எண்ணை எழுதிய ஸ்டிக்கர் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். மாற்றிய பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆணிகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். வைக்க இடமில்லை என்றால் டயர் கடைகளே பருவத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, டிக்கித் தடுப்பு வலை. உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டில் ஒன்று இது.

இந்த வண்டியின் டிக்கி 610 லிட்டர்; பின்னிருக்கையை மடக்கினால் 1,740. அவ்வளவு இடம் கிடைத்தால் நம்மவர் கூரை முட்ட அடுக்குவோம். நானும் அடுக்கினேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு டிசம்பர் சனிக்கிழமை, ஸ்டுட்கார்ட்டில் தமிழ்க் கடைக்குப் போய்விட்டு பி10 சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது, வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். அடியில் 20 கிலோ அரிசி இரண்டு, அதன்மேல் முறுக்கு மாவு, மரச்சீனிக் கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே வாய் கட்டாத ஒரு பையில் பன்னிரண்டு தேங்காய். முன்னால் போனவன் காரணமே இல்லாமல் பிரேக் போட்டான். நானும் மிதித்தேன். இந்த வண்டியின் பிரேக் பிடிக்கும் பிடி இருக்கிறதே, பெல்ட் தோளில் பதிந்தது. அதே கணத்தில் பின்னிருக்கையின் இரண்டு தலைசாய்ப்புகளுக்கு நடுவே ஒரு தேங்காய் புறப்பட்டு, என் மகளின் காதோரமாகப் போய், டாஷ்போர்டுத் திரையில் மோதி, கியர் கம்பியின் அடியில் வந்து உட்கார்ந்தது. மூன்று கண்ணும் என்னைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகள்தான் கேட்டாள்: "அப்பா, தேங்காய் உடைந்ததா?"

உடையவில்லை. திரையின் கீழ்மூலையில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அதை நான் இன்றுவரை மாற்றவில்லை. வலை வீட்டு நிலவறையில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. மாட்டினால் பின்கண்ணாடிக் காட்சி அழகு கெடுகிறது என்று நான்தான் கழற்றி வைத்திருந்தேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்கும் வண்டிக்குள் ஒரு பொருள் தன் எடையைப் போல 30 முதல் 50 மடங்கு விசையோடு பாயும் என்று பிறகு படித்தேன். தேங்காயைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து நீங்கள் கொண்டுபோன கிரைண்டரைப் போட வேண்டாம், தூக்கம் வராது.

வலையின் கம்பியை மாட்ட, பின்னிருக்கைக்கு நேர் மேலே கூரை ஓரத்தில் சிறு மூடிகளுக்குப் பின்னால் துளைகள் இருக்கும். விற்பவரிடம் வலை கைவசம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பலர் அதை எங்கோ போட்டு மறந்திருப்பார்கள். புதிதாக வாங்கினால் விலை கொஞ்சம் வலிக்கும். கனமான பொருள் தரையோடு, பின்னிருக்கையின் முதுகை ஒட்டி. டிக்கித் தரையில் நான்கு கொக்கிகள் உண்டு, அவற்றில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். சொந்தக் காரில் ஏற்றும் பொருளானாலும் நகராமல் கட்ட வேண்டும் என்பது அங்கே சட்டமும்கூட.

கூரைப்பெட்டியைப் பற்றி மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதக் காற்றில் பைக் ஓட்டியிருக்கிறீர்களா? முப்பந்தல் காற்றாலைகள் சுழலும்போது லாரிக்குப் பக்கத்தில் போனால் ஒரு தள்ளு, லாரியைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் ஒரு தள்ளு. பாலத்தின் மேல் கூரைப்பெட்டியோடு 140இல் போனால் அதே அனுபவம் காருக்குள் உட்கார்ந்தபடி கிடைக்கும். பெட்டி செய்பவர்கள் பெரும்பாலும் 130 என்றே வரம்பு சொல்கிறார்கள். பலம் கூடிய வண்டியில் அதை மறப்பது எளிது, அதுதான் ஆபத்து. இந்த வண்டிக் கூரையில் ஏற்றக்கூடிய மொத்த எடை 75 கிலோ. கம்பிகளும் பெட்டியும் சேர்ந்தே 25 கிலோ போய்விடும். மிச்சத்தில் படுக்கை, உடுப்பு, குழந்தை நாப்கின் போன்ற பஞ்சுப் பொருளை மட்டும் வையுங்கள். என் வண்டி 130இல் சாதாரணமாக நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும், பெட்டி ஏறினால் 10. வருடத்தில் இரண்டு பயணத்துக்கு அதை விலைக்கு வாங்காமல் வாரக் கணக்கில் வாடகைக்கு எடுங்கள். பயணம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நான் ஒரு முறை கழற்ற மறந்து, இரண்டு மீட்டர் உயர வரம்புள்ள வாகன நிறுத்தத்தின் வாசலில், பின்னால் எட்டு வண்டி நிற்க, இறங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்திருக்கிறேன். நுழைந்தது. ஆனாலும் அந்த மூச்சை மறக்கவில்லை.

பட்டியலில் இல்லாத இன்னொன்று இழுவைக் கொக்கி. ட்ரெய்லரா, நமக்கெதற்கு என்பீர்கள். ஆறு மாதத்தில் சைக்கிள் வாங்குவீர்கள், பிள்ளைக்கும் ஒன்று. கூரையில் சைக்கிள் தூக்கி வைப்பது முதுகுக்கும் கூரைக்கும் கேடு. கொக்கியில் மாட்டும் தாங்கி இடுப்பு உயரத்தில் இருக்கும். அலமாரி வாங்கினாலோ வீடு மாறினாலோ கட்டுமானப் பொருள் கடையில் ட்ரெய்லரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருவார்கள். 750 கிலோ வரையுள்ளதை உங்களுக்குக் கிடைக்கப் போகும் பி வகை உரிமத்திலேயே இழுக்கலாம். விற்பவர் வண்டியில் ஏற்கெனவே இருந்தால் அதிர்ஷ்டம். பின்னால் பொருத்த எளிதில் 700, 800 யூரோ ஆகும்.

ரப்பர் மிதியடி, விளிம்பு உயர்ந்த டிக்கித் தட்டு இரண்டும் வாங்குங்கள். துணி மிதியடியில் பனிச்சேறும் சாலையில் தூவும் உப்பும் ஏறினால் மார்ச் மாதம் வரை ஈரம் போகாது. டிக்கித் தட்டின் அருமை மீன்குழம்புப் பாத்திரம் ஒரு முறை கவிழ்ந்தால் தெரியும். எனக்குத் தெரியும். புது ரப்பர் மிதியடியை விரித்த அன்று வண்டிக்குள் ஏறினால் எங்கள் பின்கட்டு வாசம். மனைவி கண்ணாடியை இறக்குவாள், நான் ஏற்றுவேன்.

குழந்தை இருக்கையில் சிக்கனம் வேண்டாம். 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை கட்டாயம். பையன் 15 மாதம் ஆகும்வரை பின்னோக்கிப் பார்த்தே உட்கார வேண்டும். அதற்குப் பிறகும் முடிந்தவரை அப்படியே விடுங்கள். பின்னோக்கிய இருக்கையை முன்னால் வைத்தால் அந்தப் பக்கத்து ஏர்பேக்கை அணைக்காமல் கிளம்பவே கூடாது. கடைக்கு வண்டியோடு போய், இருக்கையை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மனைவிக்கு விடிகாலை ஷிஃப்ட் என்றீர்கள். பட்டியலில் உள்ள பனி சுரண்டியை அடித்துவிடுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்தால் அதன் உள்பக்கம் ஒன்று செருகியிருக்கும். முன்கண்ணாடி மீது இரவில் விரிக்கும் பனிப்போர்வை 15 யூரோதான். காலை ஐந்தரை மணிக்கு அவர் உங்களை வாழ்த்துவார். நின்றபடியே வண்டியைச் சூடாக்கும் கருவி ஆயிரம் யூரோவுக்கு மேல் போகும், முதல் குளிர்காலம் கழியட்டும். எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேலங்கி மூன்றும் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். சட்டம் ஒரு மேலங்கி கேட்கிறது, நீங்கள் நான்கு வாங்குங்கள்.

மற்றவை எல்லாம் போகட்டும். முன் ஜன்னல்களில் கறுப்புப் படலம் அங்கே கூடாது. எஞ்சின் மென்பொருளை மாற்றி 300 குதிரை ஆக்குவது, சத்தம் போடும் புகைக்குழாய் இதெல்லாம் முறையாகப் பத்திரத்தில் ஏறாவிட்டால் வண்டியின் ஓட்ட அனுமதியே போய்விடும், காப்பீடும் கைவிரிக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் இருக்கை உறை கேட்டிருக்கிறீர்கள். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது, கண்ட உறை போட்டு அதைத் தைத்து மூடாதீர்கள். வேகக் கேமராவைக் காட்டிக்கொடுக்கும் செயலியை ஓட்டும்போது பயன்படுத்துவது குற்றம்.

உங்கள் அப்பா கிளம்பும்போது மடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். வேளாங்கண்ணி மாதா சொரூபம், விரல் நீளம், அடியில் ஒட்டுப்பட்டை. வண்டியைச் சாமியாரிடம் மந்திரித்த பிறகு முன்னால் ஒட்டச் சொல்லு என்றார். டாஷ்போர்டின் வலப்பக்கம் ஏர்பேக் மூடி இருக்கிறது, அதன்மேல் ஒட்டாதீர்கள். கியர் கம்பிக்கு முன்னால் உள்ள சிறு குழிக்குள் மாதா கச்சிதமாக இருப்பார். கூடவே ஒரு பையும் வந்தது. நிறுத்துப் பார்த்தேன், 11 கிலோ. சக்கை வற்றல், ஏத்தங்காய் உப்பேரி, கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு. மீன் ஓர் ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம், அதனால் கருவாடு வருகிறது. பால்பொருள் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் உங்கள் அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யைத் திருப்பி அனுப்பினேன். வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் ஏறுகிறேன், ஞாயிறு காலை எஸ்லிங்கனில் இருப்பேன். வண்டியை ஓட்டிப் பார்க்கப் போவது அன்று மாலைதானே, அதை எடுத்துக்கொண்டே என் வீட்டுக்கு வாருங்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். கியர்பெட்டி எண்ணெய் மாற்றிய ரசீது, சர்வீஸ் புத்தகம், அடுத்த தகுதிச் சோதனையின் தேதி மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். டிக்கியை நான் திறந்து பார்க்கிறேன். வலை இருந்தால் கருவாட்டுப் பையை அன்றே ஏற்றிவிடலாம்.